கடையடிச் செடி

எங்கள் வீட்டில் காலை வெயில் 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடுதான் வரும். சோபாவுக்கும் யன்னலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதற்கு மேலே நீளமான ஒரு லைற். நேரம் பார்த்து அதை ஏற்றவும் அணைக்கவும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. மார்கழி மாதத்தில் இந்தப் பேர்கன் நகரத்தில், வேலைக்குப் போய் அரைவாசி வேலை முடிந்த பிறகுதான் வெளியே விடியும். எங்கள் தொட்டிக்குள் அதற்கு முன்பே நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்கும். ஆனி, ஆடியில் இது தலைகீழ். வெளியே இருட்டென்பதே வராது, தொட்டிக்கு மட்டும் சொன்ன நேரத்துக்கு இரவு வந்துவிடும். நோர்வேக்கு வந்த இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒழுங்காகப் படுத்து ஒழுங்காக எழும்புவது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் அவசரப்பட்டு மீன் தொட்டி என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குள் மீன் கிடையாது. முழுக்கச் செடிதான். கட்டையொன்றில் நூலால் கட்டிய தடித்த இலைச் செடி, கல்லைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் பன்னம் என்கிற பெரணி, அடியில் சரளைக் கல்லுக்குள் வேரோடிய இன்னொன்று. பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கோளம். அதற்குள் பாசியும் சின்னச் சின்ன இலைச் செடிகளும். மூடியைப் போட்டுவிட்டால் செடி விடுகிற மூச்சே கண்ணாடியில் வேர்த்து, வழிந்து, திரும்பவும் மண்ணுக்கு வரும். நான் மாதக்கணக்கில் மறந்து போனாலும் அதற்குக் குறையில்லை. என் கணவரின் கூட்டாளி ஒருவர், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் எங்கள் தீவைச் சேர்ந்த புளியங்கூடல்காரர், வருகிற போதெல்லாம் தொட்டிக்கு முன்னால் நின்று தலையை ஆட்டுவார். "மீனில்லாத தண்ணிக்கு இவ்வளவு கறன்ரோ தங்கச்சி? தீவாக்கள் கேட்டால் சிரிப்பினம்" என்பார். சிரிக்கட்டும். அவர் வீட்டில் ஓடாத உடற்பயிற்சி மெசின் ஒன்று சேலை காயப்போட நிற்கிறது, நான் ஏதாவது சொன்னேனா?

முதலில் இருந்தது மீன்தான். மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டாள் என்று வாங்கினோம். அது ஒரு மாரிகாலம் கூடத் தாங்கவில்லை. மகள் அழுதாள், பிறகு மறந்தாள், இப்போது ஒஸ்லோவில் படிக்கிறாள். மீன் வாங்கப் போன அன்று கடையில் ஒரு தொட்டிக்கு முன்னால் நான் மரம் மாதிரி நின்றது மகளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. தண்ணீருக்கு அடியில் ஒரு செடி. நீண்ட இலை, நெளிந்த விளிம்பு, மேலே கடும் பச்சை, புரட்டினால் செம்மண் நிறம். அதன் பெயர்ச் சீட்டில் கிரிப்டோகொரைன் என்று என்னவோ எழுதியிருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. அந்தச் செடிக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் இருந்தது.

"இது என்னுடைய நாட்டுச் செடி" என்று கடைப் பையனிடம் சொன்னேன். அவன் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லை, இது டென்மார்க்" என்றான். "அதற்கு முதல் இலங்கை" என்றேன். "எங்கள் லொறி ஒவ்வொரு செவ்வாயும் டென்மார்க்கிலிருந்துதான் வருகிறது" என்று மிக மரியாதையாகத் திருத்தினான். அவன் மேல் பிழையில்லை. அங்கே பண்ணையில் பிறந்து வளர்ந்து லொறியில் வந்த செடிதான் அது. பக்கத்தில் நின்ற என் மகளிடம் அவன், நீ எங்கிருந்து வந்தவள் என்று கேட்டான். அவள் ஒரு கணமும் யோசிக்காமல் பேர்கன் என்றாள். நான் இரண்டு பேரோடும் வாதாடாமல் செடியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சரவணையில் பிறந்த நான் இந்தச் செடியை என் நாட்டுச் செடி என்று சொன்னேனே தவிர, என் ஊர்ச் செடி என்று சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். எங்கள் தீவில் இது ஒரு நாளும் முளைக்காது. எங்களுக்குப் பனை, பூவரசு, உப்புக் காற்று, உவர்க் கிணறு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இந்தச் செடி தெற்கே, மழைக் காட்டு ஓரங்களில், ஆற்றுக்குள் கால் வைத்து நிற்கிற சாதி. எங்கள் பகுதி ஆண்கள் பலரையும்போல என் அப்பாவும் தெற்கே ஒரு சிறிய சிங்கள ஊரில் கடை வைத்திருந்தார். அந்த ஊரின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "கடையடி" என்பார். கடையடியில் மழை, கடையடியில் ஒரு கலியாணம், கடையடி ஆற்றில் வெள்ளம். ஊர் முழுக்கவே அவருக்குக் கடையடிதான்.

நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று வருடத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். வருகிறபோது, கடை மேசையில் ரொபி மிட்டாய் போட்டு வைக்கிற பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றை வாய் முட்ட நிரப்பிக்கொண்டு வருவார். நானும் அக்காவும் படலையடியிலேயே அதைப் பறிப்போம். ஒருமுறை அந்தப் போத்தலுக்குள் ரொபி இருக்கவில்லை. கறுத்த ஈர மண்ணும் அதில் ஒரு செடியும் இருந்தன. நான் புரண்டு அழுதேன். அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது. "கடைக்குப் பின்னால ஓடுற ஆறு இது. உங்களை அங்க கூட்டிக்கொண்டு போக ஏலாது. அதுதான் ஆத்தைக் கொண்டு வந்தனான்." ஆறு என்றால் என்னவென்று தெரியாத தீவுப் பிள்ளைக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த முறை அவர் வந்தது திருவிழாவுக்கு அல்ல. தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்து, அகதிக் கப்பலில் வந்து இறங்கி, கட்டிய சாரத்தோடு படலையைத் திறந்தார். கடையிலிருந்து மிஞ்சிய ஒரே சாமான் எங்கள் வீட்டு யன்னலில் இருந்த அந்த ரொபிப் போத்தல்தான். அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கடையடிச் செடியோடுதான் சீவியம். கிணற்றுத் தண்ணீரை அதற்குக் காட்டவே மாட்டார். உப்புப் பட்டால் செத்துவிடும் என்பார். மாரியில் கூரைத் தண்ணீர் வழிகிற பீலிக்குக் கீழே கிடாரத்தை வைத்துப் பிடிக்கிற மழைத்தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் என்று எங்களுக்கு அளந்து தரப்படும். அதில் ஒரு சிரட்டை செடிக்கு.

அம்மாவுக்கு இது பொறுக்காது. "அடிச்சுக் கலைச்சவங்கட ஊர்ப் பூண்டுக்கு இஞ்ச நல்ல தண்ணியோ?" என்று குசினிக்குள் இருந்து கேட்பாள். அப்பா சிரட்டையைக் கவனமாகச் சரித்து ஊற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள் மட்டும், "ஊர் அடிக்கேல்லையப்பா. ஆக்கள்தான் அடிச்சவை. அதிலயும் எல்லாரும் இல்லை" என்றார். பிறகு கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நித்திரையில் சிங்களத்தில் சீனி விலையும் பருப்பு விலையும் சொல்லுவார். தன் கடையை எரித்துத் துரத்திய ஒரு ஊருக்காக ஒரு மனிதர் இப்படி ஏங்குவாரா என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. சொந்த ஊரில், சொந்த வீட்டில், பெண்சாதி பிள்ளைகளோடு இருந்துகொண்டு அவர் ஊர் நினைவில் வாடினார். இன்று பேர்கனில் இருந்துகொண்டு எனக்கு அது நன்றாக விளங்குகிறது.

பிறகு யுத்தம் தீவுக்குள் வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்தோம். போத்தல் யன்னலிலேயே நின்றது. நான் கலியாணம் பேசி நோர்வேக்கு வந்துவிட்டேன். அப்பா இடம்பெயர்ந்த இடத்திலேயே கண்ணை மூடினார். அம்மாவும் அக்காவும் பல வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது கூரையில் பாதி இல்லை, கதவு இல்லை, அலுமாரி இல்லை. வெறும் போத்தலை யார் எடுப்பார்கள்? அது அப்படியே இருந்ததாம், உள்ளே காய்ந்து வெடித்த மண்ணோடு.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கலியாணம் செய்யவில்லை. அப்பா போனபிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா போனபிறகு வீட்டைப் பார்க்கிறாள். அந்த வீட்டில் அவள் தனியாக விழுந்து கிடந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிய எவ்வளவு நேரம் செல்லும் என்று நினைத்து நான் பல நாள் சாப்பாட்டில் கை வைக்காமல் இருந்திருக்கிறேன். ஆகவே போன புரட்டாதியில் அவளை மூன்று மாத விசாவில் இங்கே கூப்பிட்டபோது என் மனதில் இருந்தது ஒரே ஒரு எண்ணம்தான். இந்த இடம் அவளுக்குப் பிடிக்க வேண்டும். நான் உன்னோடேயே நிற்கிறேன் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சட்டப்படி எப்படிச் செய்வது என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம். அதற்காகப் புதுக் கட்டில், கம்பளிச் சட்டை, அவளுக்குப் பிடித்த கூழுக்கு ஒடியல் மா, எல்லாம் தயார்.

ஆனால் அவளுக்குப் பிடித்தது நான் கணக்கிலேயே எடுக்காத ஒன்று. பேர்கன் மழைக்குப் பேர்போன ஊர். இங்குள்ளவர்கள் அதைத் திட்டிக்கொண்டே வாழ்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து வருகிற வழியெல்லாம் அக்கா காரின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப நிக்கும்?" என்றாள்.

"உது நிக்காதக்கா. இஞ்ச உப்பிடித்தான்."

"நிக்காதோ!" கோயிலில் நடை திறந்ததும் பார்க்கிற முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?" என்றாள்.

"கடலுக்கு."

"கடலுக்கோ?" என்றாள். நான் என்னவோ அவள் கண்முன்னே பால் குடத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த நாள் முதியோர் இல்லத்துக் குசினியில் வேலையை முடித்துக்கொண்டு வந்து பார்த்தால் பல்கனியில் கால் வைக்க இடமில்லை. என்னுடைய சோற்றுப் பானை, கேக் அடிக்கிற கிண்ணம், துணி ஊறவைக்கிற வாளி, எல்லாம் மழைக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றன. எங்கள் தீவில் மழை வந்தால் யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, பாத்திரத்தைத்தான் தேடுவார்கள். அதை மறந்துபோனது நான்தான். "அக்கா, பைப்பைத் திறந்தால் தண்ணி வரும்" என்றேன். "வரட்டும். அதுக்காக வாறதை விடுறதோ?" என்றாள்.

கீழ் வீட்டில் இங்கெர் என்றொரு அம்மா தனியாக இருக்கிறார். அவர் எங்கள் பல்கனியைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். "கூரை ஒழுகுகிறதா?" இல்லை, அக்கா மழைநீர் சேர்க்கிறா என்றேன். "குழாயில் தண்ணீர் வரவில்லையா?" வருகிறது என்றேன். "அப்படியென்றால் எதற்கு?" இத்தனை வருடம் நோர்வேஜிய மொழி பேசியும் அந்த ஒரு கேள்விக்கு, தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார் போலும். மறுநாள் கட்டடப் பராமரிப்பாளர் ஏணியோடு வந்து நின்றார். அக்கா அவரை இருத்தி, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீர் கொடுத்து, பீலியை எந்தப் பக்கம் சரித்து வைத்தால் தண்ணீர் சிந்தாது என்று தமிழில் விளக்கினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, குழாயைத் திறந்து பார்த்து, நல்ல தண்ணீர் என்று எனக்குச் சான்று தந்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் பூரண திருப்தி.

தொட்டியை அவள் வந்த அன்றே கண்டாள். தொலைபேசியில் முன்பு காட்டியிருக்கிறேன்தான், ஆனால் அதில் ஒன்றும் தெளிவாகத் தெரிந்திராது. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்பாவின்ர செடி" என்றாள். ஓம் என்றேன். டென்மார்க் லொறிக் கதையை நான் எடுக்கவில்லை. பிறகு அவள் உள்ளங்கையால் தொட்டித் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். என் கணவர் பதறி எழும்பிவிட்டார். அவர் யாழ்ப்பாண நகரத்து ஆள், புதிய தண்ணீர் எதைக் கண்டாலும் தீவாட்கள் முதலில் உப்பா என்று பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

"நல்ல தண்ணி" என்றாள் அக்கா. "என்னத்தை ஊத்துறனி?"

"பைப் தண்ணிதான்."

"அப்பா மழைத்தண்ணியெல்லே ஊத்தினவர்" என்றாள். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் 'டிக்' சத்தம் கேட்க முன்பே அவள் தேத்தண்ணீரோடு தொட்டிக்கு முன்னால் இருப்பாள். வெயில் வந்ததும் செடியைப் பார்த்துக்கொண்டு குடிப்பாள். அப்பா இருந்த மாதிரியே ஒரு பக்கம் சரிந்து இருப்பாள். எனக்குள் நம்பிக்கை ஊறிக்கொண்டே வந்தது. இவள் இங்கே வேர் விடுகிறாள் என்று நினைத்தேன். கார்த்திகை பிறந்த கையோடு ஒருநாள், இடியப்பமும் சொதியும் வைத்து, அவள் முகம் நல்லாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அக்கா, இஞ்சயே நில்லுங்கோவன்."

அவள் இடியப்பத்தைப் பிய்த்தபடி, "மாரிக்கு நான் அங்க நிக்க வேணும்" என்றாள்.

"மாரிக்கோ?"

"பீலியெல்லாம் பூவரசம் சருகால அடைஞ்சு போயிருக்கும். மழைத்தொட்டியை ஆர் கழுவுறது? இப்பவே பாதி மாரி போயிட்டுது. மிச்சத்தையும் விட்டால் பிறகு ஆவணி வரையும் தண்ணிப் பவுசருக்குப் பின்னால கானோட நிக்க வேணும்."

"ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணியக்கா வேணும்?"

"எனக்கில்லை. வீட்டுக்கு."

"இஞ்ச வருசம் முழுக்க மாரிதானே. பல்கனியைப் பாருங்கோ. இதை விட்டுட்டு அந்த நாலு சொட்டுக்குப் போகப் போறீங்களோ?"

"உது உங்கட மாரி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொதி நல்லாயிருக்கு என்று அடுத்த அகப்பையைப் போட்டுக்கொண்டாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

ரிக்கற் நாள் நெருங்கியது. போகிறதற்கு முன் எனக்கு ஏதாவது நல்லது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கு இருந்திருக்கிறது. பெட்டி அடுக்கி முடித்தவள், ஒருநாள் நான் வேலையில் இருந்த நேரம், தொட்டித் தண்ணீரை முக்கால்வாசிக்கு மேல் இறைத்து எடுத்துவிட்டு, பல்கனியில் சேர்த்து வைத்த மழைத்தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறாள். வாளிகளின் மேல் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்ததாம். அகப்பைக் காம்பால் தட்டி உடைத்துவிட்டு ஊற்றினாளாம். எங்கள் தீவில் மழை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் ஆளைக் கொல்கிற குளிராக இருக்காது. மழைத்தண்ணீர் ஒரு உயிருக்குக் கெடுதல் செய்யும் என்று ஒரு தீவுக்காரி கனவிலும் நினைக்க மாட்டாள்.

நான் வந்து கண்ணாடியைத் தொட்டபோது கை விறைத்தது. தொட்டிக்குள் இருந்த ஹீற்றர் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தது. மற்றச் செடிகள் எப்படியோ தாங்கிக்கொண்டன, அவை முரட்டுச் சாதி. அப்பாவின் செடி தாங்கவில்லை. இரண்டொரு நாளில் இலைகள் கண்ணாடி மாதிரி வெளிறி, அளவுக்கு மிஞ்சி அவிந்த கீரையாகக் கரைந்து, மிதக்கத் தொடங்கின. ஒரு இலை மிச்சமில்லை. நான் கத்தினேன். அப்படி நான் அக்காவைப் பார்த்துக் கத்தியது என் சீவியத்தில் அதுதான் முதல் தடவை.

"ஒரு வார்த்தை கேட்டுச் செய்யக் கூடாதோ? எத்தினை வருசம் பொத்திப் பொத்தி வைச்சிருந்தனான்! வந்து நிண்டது மூண்டு மாசம். அதுக்குள்ள எல்லாத்தையும் கரைச்சுப் போட்டு நீங்கள் உங்கட பாட்டுக்குப் போகப் போறீங்கள்."

"நல்லதெண்டுதான் ஊத்தினனான்" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். என் கணவர் வந்து பக்கத்தில் நின்றார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. "நீர் செடிக்கு அழுறீரோ, அக்காவுக்கு அழுறீரோ?" என்று கேட்டார்.

"செடி திரும்ப முளைக்கும்" என்றேன்.

உண்மை அதுதான். எனக்கு முதலிலேயே தெரியும். இந்தச் சாதிச் செடி இடம் மாறினாலோ தண்ணீர் மாறினாலோ இலையை முழுக்க விட்டுவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கொஞ்சம் பொறுத்தால் போதும். அக்காவிடம் அதை நான் அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

பின்னேரம் அவளே வெளியே வந்தாள். கம்பளிச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு, அழுகிய இலைகளைத் தொட்டியிலிருந்து பொறுக்கத் தொடங்கினாள். நானும் போய் மற்றப் பக்கத்தில் நின்று பொறுக்கினேன். அவள் விரல் சரளைக்குள் போய் நின்றது. "கிழங்கு கல்லு மாதிரி இருக்கு" என்றாள். "ஓமக்கா, முளைக்கும்" என்றேன். அவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு இருவரும் அப்பாவின் போத்தலைப் பற்றிக் கதைத்தோம். அது இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதற்குள் பழப்புளி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். "காத்துப் போகாத மூடி. வேறொண்டிலயும் புளி உப்பிடி நிக்காது" என்றாள். அப்பா ஆறு கொண்டுவந்த போத்தலுக்குள் புளியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

விமான நிலையத்தில் அவள் அழவில்லை, நான்தான். உள்ளே போகிறதற்கு முன் திரும்பி வந்து, "பல்கனி வாளியை எடுத்துப்போடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

போய்ச் சேர்ந்து சில நாளில் தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தோம். குசினிக்குள் இருந்தாள். பின்னால் தட்டில் ஒரு பிளாஸ்ரிக் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் பழப்புளி தெரிந்தது.

"புளியை ஏன் உதுக்குள்ள போட்டனீங்கள்?"

அவள் எழும்பி நடந்தாள். தொலைபேசி குலுங்கி, சுவரும் முகடும் சுழன்று, கடைசியில் யன்னலில் வந்து நின்றது. அப்பாவின் போத்தல். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஈர மண். மண்ணில் இலை ஒன்றும் இல்லாத ஒரு துண்டுக் கிழங்கு.

"எப்பிடியக்கா கொண்டு போனனீங்கள்?"

"ஈரச் சீலையில சுத்தி, நீ தந்த பிஸ்கற் ரின்னுக்குள்ள வைச்சனான்."

"எயார்போட்டில பிடிச்சிருந்தால்?"

"வசம்பு எண்டு சொல்லியிருப்பன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் முதலில் போத்தல்தான். மாரி கடைசியில் கொஞ்சம் கொட்டித் தீர்த்ததாம். பீலி துப்புரவாக்கி, மழைத்தொட்டி அரைவாசிக்கு மேல் நிரம்பிவிட்டதாம். செடிக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் விட்டு மூடியைப் போட்டுவிட்டாளாம். தை போனது, மாசியும் போனது. எனது தொட்டியில் முதலில் முளை விட்டது. அவளுடையது விடவில்லை. அவள் குரல் ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கொண்டே போனது. "தூக்கி எறியட்டோ?" என்று கேட்டாள். "எறியாதேங்கோ. இருக்கட்டும்" என்றேன். பங்குனியில் ஒருநாள், நான் வேலையில் ஐம்பது பேருக்கு உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு படம் வந்தது. போத்தல் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்தது. அந்த வேர்வைக்குப் பின்னால் சுருண்ட ஒற்றை இலை. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இப்போது இரண்டு இடத்திலும் இலை இருக்கிறது. ஒரே கிழங்கின் இரண்டு துண்டுகள்தான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். என்னுடையது தண்ணீருக்குள் நீண்டு மெலிந்து, வெளிர் பச்சையாக, ஆடிக்கொண்டு நிற்கிறது. அவளுடையது குட்டையாக, தடித்து, கறுத்த பச்சையில் விறைப்பாக நிற்கிறது. உன்னுடையது சாப்பாடு காணாத பிள்ளை மாதிரி என்று அவள் சொல்லுகிறாள். உங்களுடையது உங்களைப் போலவே பிடிவாதம் என்று நான் சொல்லுகிறேன்.

அவள் வருவாளா என்று இப்போது நான் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும், ஆசை போகவில்லை. பல்கனி வாளியை எடுக்கவும் இல்லை. மழைத்தண்ணீரைப் பிடித்து, ஒருநாள் வீட்டுக்குள் வைத்துக் குளிர் போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்கு ஊற்றுகிறேன். இங்கெர் அம்மா கண்டால் கையை ஆட்டுகிறார், ஒன்றும் கேட்பதில்லை.

இதை எழுதுகிற இந்த ஆடி மாதத்தில் அங்கே சோளகக் காற்றுக் காலம். காற்று மண்ணை வாரி அடிக்கிறது. அக்காவின் மழைத்தொட்டியில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, நாளைக்குப் பவுசர் வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம். நேற்றுக் கதைத்துக்கொண்டிருந்தபோது இங்கே வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது.

"என்ன சத்தம் உது? மழையோ?" என்றாள்.

"ஓம்."

"வாளி வைச்சிருக்கிறியோ?"

"வைச்சிருக்கிறன் அக்கா."

"போனை ஒருக்கா வெளிய பிடியன். கேப்பம்."

நான் பல்கனிக்குப் போய்க் கையை வெளியே நீட்டினேன். அவள் தன்னுடைய தொலைபேசியை யன்னலில் சாத்தி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். அவள் முகமும் பக்கத்தில் போத்தலும் என் கைக்குள் தெரிந்தன. பேர்கன் மழை அந்தக் கண்ணாடித் திரையில் விழுந்து, அவள் நெற்றியின் மேலும் அப்பாவின் போத்தலின் மேலும் வழிந்தோடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "கொஞ்ச நேரம் அப்பிடியே பிடி" என்றாள். ஒரு சொட்டும் அங்கே போய்ச் சேராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் சட்டைக் கை தோள்வரை நனைந்துவிட்டது. நான் கையை உள்ளே எடுக்கவில்லை.